மூளிக்காது

எங்கள் மருந்துக் கடைக்கு முன்னால் பெரிய பெயர்ப் பலகை இருக்கிறது. பச்சை விளக்கு வைத்து, எழுத்துகள் ஓடுகிற மாதிரி முதலாளி ஆசை ஆசையாகச் செய்தது. ஆனாலும் கோவில்பட்டியில் ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். ‘மூளிக்காது மெடிக்கல்’ என்றால் யோசிக்காமல் கொண்டுவந்து விடுவார்கள். அந்த மூளிக்காது என்னுடையது.

இப்படி ஒரு பெயர் நடமாடுவது எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்த ஒருவர், கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் என் எதிரே நின்றுகொண்டு போனில் யாருக்கோ வழி சொன்னார். “ஆமாலே, அந்த மூளிக்காதுப் பொம்பள இருக்குமே, அந்தக் கடைதான். இங்கனதான் நிக்கேன், வா.” சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். போனை வைத்துவிட்டு, “அக்கா, வாய்வுக்கு ஒரு மாத்திரை குடுங்க” என்றார் மரியாதையாக. அவர் மனதில் துளி விஷம் இல்லை. அதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. வேண்டுமென்று சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் சொன்னேன்.

“விடும்மா, கடைக்கு ஒரு அடையாளம்னு வச்சுக்க” என்றார்.

“உங்களுக்குந்தான் தலையில முடி இல்ல பாய். மொட்டத்தலை மெடிக்கல்னு சொன்னா விட்டுருவீங்களா?”

அவர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடுதான் இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் சண்டை.

பிறக்கும்போதே என் இடது காது முழுதாக உருவாகவில்லை. காது இருக்க வேண்டிய இடத்தில் வறுத்த நிலக்கடலை அளவுக்குச் சதை மடிந்து ஒட்டியிருக்கும். துவாரம் கிடையாது. வலது காது எல்லோரையும் போலத்தான். எங்கள் ஊர் நாகலாபுரத்துப் பக்கம். மழையை நம்பிப் பாசிப்பயறும் பருத்தியும் போடுகிற ஊர். அங்கே நான் பிறந்த அன்றே எனக்கு இந்தச் சொல் வந்துவிட்டது. பேர் வைத்தது அதற்குப் பிறகுதான்.

மூளி என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் எங்கள் பக்கத்தில் பொருள் சொல்ல மாட்டார்கள், எதையாவது காட்டுவார்கள். ஓரம் பெயர்ந்த பானை மூளி. கொப்பையெல்லாம் வெட்டிவிட்டு மொட்டையாக நிற்கிற வேப்பமரம் மூளி. சண்டையில் காது கிழிந்த நாய் மூளி. கம்மல் போடாமல் கல்யாண வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து, “ஏன் காது மூளியா இருக்கு?” என்பார்கள். புருஷனை இழந்தவளையும் தெருச்சண்டையில் இதே சொல்லால்தான் ஏசுவார்கள். இருக்க வேண்டியது இல்லாமல் போன எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

அந்தச் சொல் என் காது எப்படித் தெரிகிறது என்பதை மட்டும்தான் சொன்னது. அந்தக் காது கேட்காது என்பதைச் சொல்லவே இல்லை. ஊரில் அத்தனை பேரும் என் காதைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நின்று பேசினால் எனக்குக் கேட்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பின் வலது ஓரத்தில், சுவரை ஒட்டி என்னை உட்கார வைத்தார்கள். கேட்கிற காது சுவர்ப் பக்கம் இருந்தது. டீச்சர் கேள்வி கேட்டால் பாதி என் காதில் விழாது. “மூளிக்குத் திமிரு பாரு, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கா” என்று அடி வாங்கினேன். எனக்கே ஒரு பக்கம் கேட்கவில்லை என்பது, வளர்ந்த பிறகு ஒரு கைப்பேசியை இடது பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மா என் முன்னால் அந்தச் சொல்லைப் பேசவே மாட்டாள். பானை ஓரம் உடைந்தால், “ஓரம் போயிட்டு, தவிட்டுக்கு வச்சுக்கலாம்” என்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து மூளிப்பானை என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு முகம் கறுத்துவிடும். உடனே என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அவள் திரும்பாமல் இருந்திருந்தால் அது வெறும் பானையாகப் போயிருக்கும். அந்த மூளிச்சதையிலும் கம்மல் போட்டுவிட்டால் சொல் போய்விடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஆசாரியை வற்புறுத்தி அதில் துளை போட வைத்தாள். சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, கம்மலைக் கழற்றும்போது வலித்த வலி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தழும்பும் இருக்கிறது.

கொரோனா வந்ததும் மாஸ்க் வந்தது. உலகத்துக்கே இரண்டு காது உண்டு என்று நினைத்துச் செய்த பொருள் அது. மருந்துக் கடையில் மாஸ்க் இல்லாமல் நிற்க முடியாது. என் இடது பக்கம் அதை மாட்ட ஒன்றும் இல்லை. கொண்டை ஊசியால் நாடாவை முடியில் குத்திக்கொண்டேன். குனிந்தால் கழன்று தொங்கும். வரிசையில் நிற்கிறவர்கள், “ஏம்மா, மாஸ்க்க ஒழுங்கா மாட்டு. மருந்துக்கடையில இருந்துக்கிட்டு நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?” என்பார்கள். முடியை விலக்கிக் காட்டினால், “ஐயோ பாவம்” என்பார்கள். ஒரு நாளில் எத்தனை பேருக்குத்தான் காட்டுவது? கடைசியில் தலைக்குப் பின்னால் கட்டுகிற மாதிரி நானே துணியில் தைத்துக்கொண்டேன். அதைப் பார்த்தும் ஒரு அம்மாள், “இது என்ன புது மாடலா, எனக்கு ஒண்ணு குடு” என்றாள்.

அந்த மாஸ்க் காலம் முடிகிற சமயத்தில்தான் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு கோவில்பட்டியில் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கடையிலிருந்து நேராக ஓடினேன்.  தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவனுடைய மாமியார், கயத்தாற்றிலிருந்து வந்திருந்தவர், குழந்தையைத் துணியோடு என்னிடம் நீட்டினார்.

குழந்தைக்கு வலது காது இல்லை. எனக்கு இடது, அவளுக்கு வலது. அதே நிலக்கடலை.

“சூரிய கிராணத்தன்னிக்கு வெளிய வராதேன்னு தலபாடாச் சொன்னேன். கேட்டாளா?” என்றார் தம்பி மாமியார். கட்டிலில் படுத்திருந்த தம்பி மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு, “கிராணமும் இல்ல ஒண்ணும் இல்ல. மைனி காதுதான் வந்திருக்கு” என்றாள். மைனி என்றால் நான்தான். பிறகு தம்பி மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “பொம்பளப் பிள்ளைக்குப் போயி மூளியா வரணும்?” என்று அழுதார்.

நான் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அங்கே யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. பிள்ளை பெற்ற அலுப்பில் கிடக்கிறவளிடமா?

“டாக்டர் காது கேக்குதான்னு பாத்தாவளா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“அதெல்லாம் கேக்கும்க்கா. மொதல்ல காதுக்கு என்ன செய்யன்னு பாப்போம்.”

“ஏலே, நான் அதத்தான கேக்கேன்.”

“நீ காது கேக்கதப் பத்திச் சொல்லுத. நான் காதச் சொல்லுதேன்.”

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் இந்த ஒரு சண்டைதான். குழந்தைக்கு விதவிதமாகக் குல்லா வந்தது. வெயில் கொளுத்துகிற கோவில்பட்டியில் கம்பளிக் குல்லா. பார்க்க வருகிறவர்களிடம், “சளி பிடிச்சிருக்கு” என்பார்கள். எந்தக் கோயிலுக்கு என்ன நேர்ந்துகொள்வது என்று பேசினார்கள். எந்த ஊரில் காதை ஒட்டவைக்கிறார்கள் என்று யூடியூபில் தேடினார்கள். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், அந்த இன்னொரு காதாவது முழுசாகக் கேட்கிறதா என்று தெரிய வேண்டும் என்று நான் சொன்னால் மட்டும் யாருக்கும் நேரமில்லை.

“உனக்கும் அப்படித்தான இருக்கு. நீ நல்லாத்தான இருக்கே?” என்பான் தம்பி.

நான் நன்றாக இருக்கிறேனாம். ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் நின்றுவிடுவதும், கல்யாண வீட்டுப் பந்தியில் இடது பக்கம் உட்கார்ந்தவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ‘ராங்கிக்காரி’ என்று பெயர் வாங்கியதும் அவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவன். சொல்லப்போனால் அவனும் என் காதைத்தான் பார்த்திருக்கிறான்.

எவ்வளவு சொல்லியும் நகராதது ஒரு ஞாயிற்றுக்கிழமை நகர்ந்தது. அடுப்படியில் தம்பி மனைவி கை தவறி ஒரு பித்தளைப் பாத்திரத்தைப் போட்டுவிட்டாள். வீடே அதிர்ந்தது. பக்கத்தில் பாயில் கிடந்த குழந்தை அசையவில்லை. அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் புரட்டிப் போட்டுவிட்டு, மெதுவாக ஒரு கரண்டியைத் தரையில் தட்டினாள். குழந்தை வீறிட்டு எழுந்தது.

நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மைனி, நல்ல காத தலகாணியில அமுத்திப் படுத்தா இவளுக்கு ஒண்ணுமே கேக்கல.”

“நானும் அப்படித்தான் தூங்குதேன். ஊர்ச் சத்தம் ஒண்ணும் கேக்காது.”

அவள் என்னையே பார்த்தாள். “உங்களுக்கு அந்தப் பக்கம் கேக்கவே கேக்காதா?”

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம். அடுப்படியில் என் இடது பக்கம் நின்று எத்தனையோ கேட்டிருப்பாள்.

“கேக்காது” என்றேன்.

“நான் பேசப் பிடிக்காமத்தான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

 சாயங்காலம் தம்பியிடம் போய், “நாளைக்கு நானும் மைனியும் திருநெல்வேலி போறோம். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி” என்றாள். அவன் வந்தான்.

சோதனையில் குழந்தையின் இடது காது சுத்தமாகக் கேட்டது. அந்தச் செய்தியைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா நிதானமாக எல்லாம் சொன்னார். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யார்மேலும் தப்பில்லை என்றார். எலும்பு வழியாகச் சத்தத்தை உள்ளே அனுப்புகிற கருவி ஒன்று இருக்கிறது, தலையில் ரிப்பன் மாதிரிக் கட்டிக்கொள்ளலாம் என்றார். காது மாதிரி வெளியே செய்து வைப்பதெல்லாம் அவள் வளர்ந்து அவளே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கருவிக்கு அரசாங்கத்தில் உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு முகாமுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி சோதனை முடிவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “ஒரு காது நல்லாக் கேக்குதேம்மா. இது ஊனத்துல வராது.”

“அப்ப வேற எதுல சார் வரும்?” என்று கேட்டாள் தம்பி மனைவி.

“எதுலயும் வராது. நார்மல்னுதான் அர்த்தம். சந்தோசப்படுங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் எனக்கு வலது பக்கமாக மாறி உட்கார்ந்தாள்.  பிறகு, “கவர்மெண்டு நார்மல்ங்குது. எங்கம்மா மூளிங்கா. இவ யாரு மைனி?” என்றாள்.  நான் இத்தனை வயது வரைக்கும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்திருக்கிறேன். உதவி கேட்டால் உனக்கு ஒன்றுமில்லை என்பார்கள். ஒன்றுமில்லை என்று நினைத்து வெளியே கிளம்பினால் மூளி என்பார்கள். கருவியை நாங்களே வாங்கினோம்.

அடுத்து காது குத்து வந்தது. கயத்தாற்றுப் பக்கம் தம்பி மாமியார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் தம்பி மாமியார் வீட்டுக்கு வந்து ஒரு யோசனை சொன்னார். வலது பக்கச் சதையிலும் ஆசாரியை வைத்து ஒரு துளை போட்டுவிடலாம், சின்னதாக ஒரு பொட்டுக் கம்மல் தொங்கினால் போதும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றார்.

“அதுல ஊசி படக்கூடாது” என்றேன்.

“நீ சும்மா இரி தாயி. ஒத்தக் காதுல கம்மல் போட்டா ஊரு மூளின்னுதான சொல்லும்?”

“ரெண்டு கம்மல் போட்டாலும் அதத்தான் சொல்லுவாவ. எனக்குப் போட்டாவ. இங்கன பாருங்க.” முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன். “இதுல சீழ் வச்சு ராவும் பகலும் அழுதேன். அப்பவும் ஒருத்தரும் பேர மாத்திக் கூப்பிடல.”

அவர் என் காதைப் பார்த்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்தது அதுவே முதல் முறையாக இருக்கும். பார்த்துவிட்டு, “என்னமோ, உங்க பிள்ள, உங்க பாடு” என்று எழுந்து போனார். கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இடது காதில் மட்டும் குத்தினார்கள். தம்பி மாமியார் அன்று யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பெண்கள் அந்தச் சொல்லைச் சொன்னது என் வலது காதில் தெளிவாக விழுந்தது. நல்ல நாள் என்று விட்டுவிட்டேன். அதை விட்டது இப்போதும் உறுத்துகிறது.

இப்போது என் மருமகள் யூகேஜி போகிறாள். மொட்டை போட்ட முடி வளர்ந்துவிட்டது. நெற்றிக்கு மேலே நீலப் பட்டை, அதில் தீப்பெட்டியை விடச் சின்னதாகக் கருவி. முதல் நாளே டீச்சரிடம் போய், அவளை எந்த ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் சின்னப் பெண். சொன்னபடி செய்தாள். ஆனால், “மத்த பிள்ளைங்ககிட்ட இவளை ஸ்பெஷல் பேபின்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம்” என்றாள் பெருமையாக.

“அவளுக்குப் பேரு இருக்கு. அதச் சொன்னாப் போதும்” என்றேன். டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. நல்ல எண்ணத்தில் சொன்னவள். மறுபடியும் ஒரு நல்ல மனுஷியோடு மனஸ்தாபம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வேனுக்குப் பதிலாக நானே ஸ்கூட்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முன்னால் நின்றுகொண்டு வந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அத்தை, மூளின்னா என்ன?”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இந்தக் கேள்வி வரும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து தெரியும். என்ன சொல்வது என்று நூறு தடவை யோசித்திருக்கிறேன். 

“யாரு சொன்னா?”

“வேன் அங்கிள். என்னைய இல்ல, ஒன்னையச் சொன்னாங்க. மூளிக்காதக்கா இன்னைக்கு வரலையான்னு கேட்டாங்க.”

“காது சின்னதா இருக்கவங்கள அப்படிச் சொல்லுதாவ. அது நல்ல வார்த்தை இல்ல. உன்னையச் சொன்னா எங்கிட்ட சொல்லு.”

“சொன்னா என்ன செய்வ?”

“போயி சண்ட போடுவேன்.”

“அப்ப வேன் அங்கிள்ட்ட சண்ட போடு. ஒன்னையச் சொன்னாங்கல்ல.”

மறுநாள் போட்டேன். அந்த டிரைவர் திகைத்துப் போய், “தெருமுனை அண்ணாச்சி கடையில எல்லாரும் அப்படித்தானக்கா சொல்லுதாவ. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியாது” என்றான். தெரியாதாம். எத்தனை பேருக்குத் தெரியாது என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பது? ஆனால் அவன் அதற்குப் பிறகு சொல்லவில்லை. வெறும் அக்கா என்கிறான். இத்தனை வருஷத்தில் நான் நேராகக் கேட்டு நிறுத்தியது அந்த ஒருவனை மட்டும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள். அன்று காலையில் தம்பி மனைவி மகளுக்குக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, முடியை முன்னால் இழுத்து வலது பக்கம் காது மூடுகிற மாதிரி கிளிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“போட்டோவுக்கு மட்டுந்தான் மைனி” என்றாள், நான் கேட்காமலே.

காலை நேரம். வேன் வந்து நின்றது. நான் அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.

போட்டோ வந்தபோது பார்த்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவளின் கையில் கிளிப் இருக்கிறது. குத்தியிருக்கும் போல, பிடுங்கிவிட்டாள். முடியையும் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறாள். பல் தெரியச் சிரிக்கிறாள். தம்பி மனைவி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டாள். சுவரில் மாட்ட ஆணி அடித்து வைத்திருந்தான் தம்பி. ஏன் மாட்டவில்லை என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தினமும் அடுப்படி வரைக்கும் போகிறேன்.